ஊர்க் கலைமன்றம் கைமாறும்போது: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், ஊர் மண்டபத்தை வேறொரு நிர்வாகத்திடம் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்பது பிறகு வந்த கடிதங்களைப் பார்த்ததும் விளங்கியது. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதையே எடுக்கிறேன். சின்ன ஊர்களில் பெயரைப் போட்டால் ஆள் யாரென்று உடனே தெரிந்துவிடும். எனவே எந்தப் பக்கத்திலிருந்து வந்த கடிதம் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

வலிகாமம் மேற்கிலிருந்து ஒருவர்: அக்கா, எங்கள் கலைமன்றம் ஐம்பது வருடத்துக்கு மேல் பழையது. ஓட்டுக்கூரை மண்டபம், மேடை, பின்னால் உடுப்பு மாற்ற ஓர் அறை. இரவில் கூத்துப் பழகுகிறோம். சனி, ஞாயிறு பிள்ளைகளுக்கு மிருதங்கமும் வாய்ப்பாட்டும் நடக்கின்றன. தலைவருக்கு வயது போய்விட்டது. செயலாளர் கனடாவில் இருக்கும் பிள்ளைகளிடம் போகப்போகிறார். வெளிநாட்டில் உள்ள எங்கள் ஊரவர்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். கூரையை மாற்றி, ஏசி போட்டு, இனி மண்டபத்தைத் தாங்களே நடத்துவதாகச் சொல்கிறார்கள். பொதுக்கூட்டம் வருகிறது. ஓம் என்பதா, இல்லை என்பதா?

ஓம் என்று சொல்லலாம் தம்பி. கூரை ஒழுகும் மண்டபத்தைப் பெருமைக்காகப் பிடித்து வைத்திருப்பதில் ஊருக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆனால் கைதூக்க முன்னர் இரண்டு விசயம் பார்க்க வேண்டும். ஒன்று காணி உறுதி. மற்றது யாருக்கு எந்த நாள் என்பது. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இரண்டாவதை யாரும் எழுதிவைப்பதில்லை. பிரதேச செயலகத்தில் கலாசாரப் பகுதியில் இருந்த காலத்தில் நான் கண்ட மன்றங்கள் பலவும் அந்த இரண்டாவதில்தான் சறுக்கின.

முதலில் காணி. "அந்தக் காலத்தில் இன்னார் தந்த காணி" என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். தந்தவர் உறுதி முடித்துத் தந்தாரா, வாய்ச்சொல்லாகத் தந்தாரா என்று பாருங்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி காணியை விற்பதோ நன்கொடையாகக் கொடுப்பதோ நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு எழுதப்பட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் அதே விதிதான். கூட்ட அறிக்கைக் கொப்பியில் "மண்டபத்தை அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்தாலும், அதனால் மட்டும் காணி கைமாறாது. பிறகு ஒரு நாள் காணி தந்தவரின் பேரப்பிள்ளை வந்து நின்றால், புதுக்கூரைக்குக் காசு போட்டவர்களும் அழுவார்கள், நீங்களும் அழுவீர்கள்.

உறுதி கையில் இல்லை என்றால் பயப்பட வேண்டாம். பதிவு செய்த உறுதியாக இருந்தால் யாழ்ப்பாணம் காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி எடுக்கலாம். உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு சட்டத்தரணியைக் கொண்டு வாசியுங்கள். தருமசாதனமாக, "இந்த ஊர்ப் பிள்ளைகளின் கலை வளர்ச்சிக்காக" என்பதுபோல எழுதியிருந்தால், பெயர் போடப்பட்டவர்கள் சொந்தக்காரர் அல்லர், நம்பிக்கைப் பொறுப்பாளர்கள். அவர்கள் அதைத் தங்கள் விருப்பத்துக்குக் கைமாற்ற முடியாது. காணி பிரதேச சபைக்குச் சொந்தமானது என்று தெரியவந்தால் கதையே வேறு. சபையின் அனுமதி இல்லாமல் நீங்களும் அறக்கட்டளையும் எதைப் பேசினாலும் அது வெறும் பேச்சுத்தான். சோலைவரி யாருடைய பெயரில் கட்டப்படுகிறது, மின்கட்டணப் பட்டியல் யாருடைய பெயரில் வருகிறது என்பதையும் பாருங்கள். அவை உரிமையைத் தீர்மானிக்காவிட்டாலும், எங்கே தேடலாம் என்று காட்டும்.

உறுதியை எழுதிக் கொடுத்துவிடாமல், ஐந்து வருடக் குத்தகையாகக் கொடுப்பதுதான் நல்லது என்று நான் நினைக்கிறேன். ஐந்து வருடம் முடிய பொதுக்கூட்டம் கூடிப் பார்க்கட்டும். நன்றாக நடந்தால் நீட்டலாம். காசு போடுகிறவர்களுக்கு இது மனவருத்தமாக இருக்கலாம். ஆனால் ஊர் மேல் பற்று உள்ளவர்கள் இதை விளங்கிக்கொள்வார்கள். அறக்கட்டளை எங்கே பதிவானது, இலங்கையிலா வெளிநாட்டிலா, இங்கே கையெழுத்து வைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இனி நாட்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் என் மனதை அறுப்பது இதுதான்.

குடாநாட்டில் ஒரு மன்றம். பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள்தான் எடுத்து நடத்தினார்கள். கூரை புதுசு, தரைக்கு மாபிள், பெண்பிள்ளைகளுக்கு ஒழுங்கான கழிவறை, உண்மையிலேயே தேவையான வேலைகள். மண்டபம் வடிவாக வந்ததும் கலியாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் கேட்டு ஆட்கள் வந்தார்கள். வாடகை வந்தது. மின்கட்டணம் கட்ட அந்த வாடகை வேண்டும், அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். சனிக்கிழமை மிருதங்க வகுப்பு முதலில் ஒரு வாரம் தள்ளிப்போனது, பிறகு புதன்கிழமைக்கு மாறியது. புதன் பின்னேரம் பிள்ளைகளுக்கு ரியூசன். வகுப்பு தானாகவே கரைந்துபோனது. கூத்துக்காரர்கள் தோட்டத்து வேலை முடித்து, குளித்து, சாப்பிட்டு, இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் கூடுவார்கள். மண்டபமோ ஏழு மணிக்குப் பூட்டு. காவலாளிக்கு அதற்கு மேல் வேலை நேரம் இல்லையாம். ஒருவரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் மடத்துத் திண்ணைக்குப் போய்விட்டார். அங்கே சலங்கை கட்டி ஆட இடம் காணாது. அந்த வருடம் கூத்து களரி ஏறவில்லை.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தபோது கதிரைகளின் தொகை இருந்தது. மின்விசிறிகள் இருந்தன. "கூத்து" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், குத்தகை உறுதியிலேயே ஒரு பந்தியைச் சேர்க்கச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகளின் வகுப்புக்கு. கிழமையில் இன்ன மூன்று இரவு, எட்டிலிருந்து பத்தரை வரை கூத்துப் பழக்கத்துக்கு. அரங்கேற்றத்துக்கு முந்திய ஒத்திகையான வெள்ளுடுப்புக்கும் அரங்கேற்றத்துக்கும் முன்கூட்டியே சொன்னால் மண்டபம் இலவசம். இந்த நேரங்களில் வாடகைக்கு விடக்கூடாது. மாற்றுவதென்றால் பொதுக்கூட்டத்தின் சம்மதம் வேண்டும். அந்த இரவுகளில் திறப்பு யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதுங்கள். இப்படி எழுதிக் கேட்கும்போது அவர்கள் முகம் சுளித்தால், இப்போதே தெரிந்துகொண்டது நல்லது. சந்தோசமாக எழுதித் தந்தால் இரண்டு கையையும் தூக்குங்கள்.

ஏசி பற்றி ஒரு சொல். கூத்து ஆடும் மண்டபத்துக்கு ஏசியைவிட உயரமான கூரையும் காற்றோட்டமும்தான் முக்கியம். ஏசிக்காக யன்னல்களை அடைத்துவிட்டால், மின்சாரம் போகும் நாட்களில் உள்ளே இருக்க முடியாது. மாதக் கட்டணமும் வாடகையை நோக்கியே உங்களைத் தள்ளும். அந்தக் காசில் மேடைப் பலகையை மாற்றச் சொல்லுங்கள்.

கொக்குவில் பக்கத்திலிருந்து ஒரு தாய்: மகள் கலைமன்றத்தில் வயலின் படிக்கிறாள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள். புதிய நிர்வாகம் வந்ததும் மாதக் கட்டணம் இரண்டு மடங்கு. ரீச்சரும் விலகுவாரோ என்று தெரியவில்லை. பரீட்சை குழம்பிவிடுமா?

குழம்பாது தங்கச்சி. பிள்ளையைப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துவது ரீச்சர். அவர் வீட்டில் வைத்துப் படிப்பித்தாலும் பிள்ளை பரீட்சைக்குத் தோற்றலாம். முதலில் அவரோடு பேசுங்கள். அனேகமாக அவருக்கும் புதியவர்கள் இன்னும் ஒழுங்காக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கட்டணத்தைப் பற்றித் தனியாகப் போய் வாதாட வேண்டாம். தாய்மார் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கடிதம் கொடுங்கள். கூடிய காசில் எவ்வளவு ரீச்சருக்குப் போகிறது, எவ்வளவு மண்டபத்துக்கு என்று கேளுங்கள். ரீச்சரின் சம்பளம் கூடியிருந்தால் நான் அந்தக் கூட்டலின் பக்கம்தான் நிற்பேன். நம்முடைய சங்கீத ஆசிரியைகள் பலர் பஸ் காசுக்கும் காணாத சம்பளத்தில் காலம் தள்ளியவர்கள். ஆனால் ஒரு வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்காவது காசு இல்லாமல் இடம் வேண்டும் என்று அதே கடிதத்தில் எழுதுங்கள். கட்ட முடியாத பிள்ளை கேட்காமலே நின்றுவிடும்.

தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து, முன்னாள் செயலாளர் ஒருவர்: பிள்ளை, நான் நீண்ட காலம் மன்றத்தின் செயலாளராக இருந்தேன். 1990 இல் இடம்பெயர்ந்தபோது பழைய கொப்பிகள் எல்லாம் போய்விட்டன. திரும்பி வந்து மண்டபத்தைச் சுவரிலிருந்து கட்டி எழுப்பினோம். இப்போது பொறுப்பெடுக்கும் இளைஞர்கள் கணக்குக் கேட்கிறார்கள். என்னைக் கள்ளனாக நினைக்கிறார்களா?

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். 1990 இல் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்ததும், 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததும் தெரிந்த எவரும், கொப்பி எங்கே என்று உங்களிடம் கேட்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைகள் அப்போது பிறந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஆனால் கணக்குக் கேட்பது அவமதிப்பு இல்லை ஐயா. அது அவர்களுடைய கடமை. கேட்காமல் எடுத்தால், நாளைக்கு ஏதும் குறைந்தால் உங்கள் பெயரும் சேர்ந்து அடிபடும். இழந்ததை இழந்தது என்றே எழுதுங்கள். "1990 க்கு முந்திய ஆவணங்கள் இடப்பெயர்வில் அழிந்தன" என்று ஒரு தாள். மண்டபம் எந்த ஆண்டு திரும்பக் கட்டப்பட்டது, யார் கல் தந்தார்கள், யார் கூலி வாங்காமல் மேசன் வேலை செய்தார்கள் என்று நினைவில் இருப்பதை எழுதுங்கள். திரும்பி வந்த பிறகான வங்கிக் கணக்குக் கூற்றை வங்கியில் கேட்டு, கிடைக்கிற அளவுக்கு எடுங்கள். பிறகு புதியவர்களோடு சேர்ந்து அலுமாரி அலுமாரியாகத் திறந்து இருப்புப் பதிவேடு ஒன்று எழுதி, இரு பகுதியும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வையுங்கள். கிராம அலுவலர் கூட இருந்தால் இன்னும் நல்லது.

அதோடு, உங்களைப் போஷகராக வைக்கக் கேட்டால் மறுக்காதீர்கள்.

அதே பக்கத்திலிருந்து, புதிய நிர்வாக சபையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர்: பழையவர்கள் திறப்பைத் தருகிறார்கள் இல்லை. சட்ட நடவடிக்கை எடுக்கலாமா?

மேலே உள்ள பதிலை முதலில் வாசியுங்கள் தம்பி. அது உங்கள் ஊராகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். வழக்குக்குப் போக முன்னர் இதைச் செய்யுங்கள்: ஒரு பின்னேரம், கணக்குப் பேச்சு எதுவும் எடுக்காமல், அவர்களைக் கூப்பிட்டு மண்டபத்தின் கதையைச் சொல்லச் சொல்லிக் கைபேசியில் பதியுங்கள். திறப்பைப் பிறகு கேளுங்கள். அதற்குப் பிறகும் தராவிட்டால், மன்றம் பதிவாகியிருக்கும் அலுவலகத்தில் முறையிடுங்கள். சனசமூக நிலையமாக இருந்தால் பிரதேச சபை, கிராம அபிவிருத்திச் சங்கமாக இருந்தால் பிரதேச செயலகம். உங்கள் தெரிவு நடந்த பொதுக்கூட்டத்தின் அறிக்கை ஒழுங்காக இருக்கிறதா, யாப்பின்படி அறிவித்தல் கொடுத்துக் கூட்டப்பட்டதா என்று அங்கே முதலில் பார்ப்பார்கள்.

பல்கலைக்கழக மாணவி ஒருவர்: ஊர் மன்றங்களை விடுங்கள் அன்ரி. நூலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய மையத்தைப் பற்றி ஏன் எழுதுகிறீர்கள் இல்லை?

எழுதுகிறேன் பிள்ளை. இந்திய அரசின் நன்கொடையில் கட்டப்பட்ட அந்த யாழ்ப்பாணக் கலாசார மையத்துக்கு 2015 மார்ச்சில் பிரதமர் மோடி வந்தபோது அடிக்கல் நாட்டப்பட்டது. 600 பேருக்கு மேல் இருக்கக்கூடிய அரங்கு, அருங்காட்சியகம், 11 மாடிக் கற்றல் கோபுரம். கட்டி முடிந்தும் மாநகர சபை அதன் செலவைத் தாங்குமா, கொழும்பு நடத்துவதா என்ற பேச்சு நீண்டது. 2023 பெப்ரவரி 11 ஆம் திகதிதான் மக்களிடம் கையளிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் திருவள்ளுவர் கலாசார மையம் என்று பெயர் மாற்றினார்கள். யாழ்ப்பாணம் என்ற பெயர் போய்விட்டதே என்று எதிர்ப்பு எழுந்தது. பிறகு யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாசார மையம் ஆனது.

அந்த எதிர்ப்பு நியாயமானது, நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வள்ளுவருக்கு மரியாதை செய்ய வேண்டியதில்லை. அதே அளவு அக்கறையோடு இன்னொன்றையும் கேளுங்கள் என்பதுதான் என் விருப்பம். அந்த 600 கதிரை அரங்கில் வருடத்தில் எத்தனை நாள் உள்ளூர்க் குழுக்களுக்கு, என்ன வாடகைக்கு? வட்டுக்கோட்டையிலிருந்தும் பாஷையூரிலிருந்தும் ஒரு கூத்துக் குழு வந்து ஆட முடிகிற வாடகையா? ஒலி, ஒளி ஆட்களுக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா? உங்கள் மாணவர் மன்றம் இதை எழுத்தில் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இலிருந்து இருக்கிறது. அரச நிறுவனம் நடத்தும் இடத்திடம் இதைக் கேட்க எந்தப் பிரசைக்கும் உரிமை உண்டு.

கைமாறுவது என்றாலே அழிவு என்று நினைக்கவும் வேண்டாம். மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975 இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இன்றைக்கும் அதே மருதனார்மடத்தில் பிள்ளைகள் வீணையும் நடனமும் படிக்கிறார்கள், பட்டமும் வாங்குகிறார்கள். நீ. மரியசேவியர் அடிகள் 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், 2021 இல் அவர் மறைந்த பிறகும் வேலை செய்கிறது. தொடங்கியவர் இருக்கும்போதே அடுத்தவர்களிடம் வேலையைப் பழக்கினால்தான் இப்படி நடக்கும்.

கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண்: புதிய நிர்வாகம் உடுப்பறையை அலுவலகமாக மாற்றப்போகிறது. உள்ளே இரண்டு றங்குப்பெட்டி நிறையக் கூத்து உடுப்பும் கிரீடம்போன்ற முடிகளும், ஒரு பழைய ஆர்மோனியமும், கையெழுத்துக் கொப்பிகளும் இருக்கின்றன. "பழசுகளை அகற்றுங்கள்" என்கிறார்கள். தவக்காலம் தவிர அந்தப் பெட்டிகளை ஒருவரும் திறப்பதில்லை. என் ஐயாவும் ஆடியவர். எனக்கு மனம் கேட்குதில்லை.

ஒன்றையும் வெளியே போட விடாதீர்கள் அக்கா. எல்லாவற்றிலும் முதலில் கொப்பிகள். உடுப்பைத் திரும்பத் தைக்கலாம், கொப்பி போனால் பாட்டுப் போய்விடும். பூச்சி அரித்த தாளை வெயிலில் விரிக்காதீர்கள், நொறுங்கிவிடும். நிழலில், மின்விசிறியையும் நிற்பாட்டிவிட்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி முதலில் கைபேசியிலாவது படம் எடுத்துவிடுங்கள். பிறகு நூலகம் நிறுவனத்தாரோடு தொடர்புகொள்ளுங்கள். 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவாக்கி இணையத்தில் யாரும் வாசிக்க வைப்பவர்கள். கொப்பியைத் திரும்பத் தருவீர்களா, மன்றத்தின் பெயரைப் போடுவீர்களா என்று கேட்டுப் பேசிக்கொண்டு கொடுங்கள்.

முடிகளில் கண்ணாடித் துண்டும் மணியும் ஒட்டியிருக்கும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் உதிரும். தனித்தனியாகப் பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி, உள்ளே கசக்கிய கடதாசி வைத்து நிமிர்த்தி வையுங்கள். ஜரிகை உடுப்பைப் பொலித்தீன் பையில் கட்ட வேண்டாம், வேர்த்துக் கறுத்துவிடும். றங்குப்பெட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தால் நிலத்து ஈரம் ஏறாது. ஆர்மோனியத்தில் எலி முதலில் கடிப்பது துருத்தியைத்தான். அது கிழிந்திருந்தாலும் உள்ளே சுரப் பித்தளைகள் நன்றாக இருக்கலாம். திருத்தத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உடுப்பறை அலுவலகமாகத்தான் போகிறது என்றால், மேடைக்குப் பின்சுவரோடு பூட்டுள்ள ஓர் அலுமாரி கட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அது பெரிய செலவு இல்லை, புதியவர்கள் மறுக்க மாட்டார்கள். அதற்குள் இருப்பவை மன்றத்தின் சொத்து என்று இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொன்றாக ஏற வேண்டும்.

கொப்பிகளின் முதல் பக்கம் கிழிந்துபோய், எந்தக் கூத்து, யார் எழுதியது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதில் ஆடிய கிழவர் ஒருவர் படுக்கையில் இருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அலுமாரியைப் பிறகு பார்க்கலாம். இந்தக் கிழமையே கொப்பிகளை எடுத்துக்கொண்டு அவரிடம் போய், இரண்டு அடியை வாசித்துக் காட்டிக் கேளுங்கள். சொல்வதைப் பென்சிலால் அட்டையின் உட்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.